எடைமேடை ஏறிய படகு

அவள் பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் தங்கை வீட்டுச் சமையலறையில். தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். பையன் எலக்ட்ரீஷியன், படகு செப்பனிடும் பட்டறையில் வேலை, குடி கிடையாது, வாயும் அதிகம் கிடையாது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், குழாயை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாம் சரிதான்க்கா. ஆனா மாப்பிள்ளைக்கு ஒரு அக்கா இருக்கா. கல்யாணமே பண்ணிக்காதவ. அம்மா போனப்புறம் இவனைத் தூக்கி வளத்தது அவதானாம். பேரு என்ன தெரியுமா? எடைமேடை!"

"இதென்னடி பேரு?"

"லாரியை எடை போடுவாங்கல்ல, அந்த எடத்துல வேலை. ஊரே அப்படித்தான் கூப்பிடுது. ஆளும் பேருக்குத் தகுந்த மாதிரிதான் இருப்பாளாம். எம் பொண்ணு படியேறி உள்ள வர்றதுக்குள்ள கண்ணாலயே நிறுத்துப் போட்டுருவா."

நாத்தனார் என்ற சொல்லைக் கேட்டாலே என் தங்கை பத்து கேள்வி கேட்பாள். அவளுக்கு வாய்த்த நாத்தனார் அப்படி. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

எடைமேடை எங்களுக்கு என்ன உறவு என்று கேட்டால், என் தங்கை மகளுக்கு நாத்தனார், எனக்குச் சம்பந்தி முறை. ஆனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் இன்னொரு வழியும் உண்டு. என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இருந்தாள். அவளைக் கட்டியவர் எடைமேடையின் அம்மாவுக்குப் பெரியப்பா மகன். அந்த வழியில் கணக்குப் போட்டால் எடைமேடை என் வீட்டுக்காரருக்கு அத்தை மகள், கட்டிக்கொள்ளும் முறை. இதை நான் கண்டுபிடித்தபோது எங்களுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். இருந்தாலும் அவரிடம் சொல்லவில்லை. எதற்கு வீண் வேலை?

சரி, மாப்பிள்ளை எப்படிப் போனாலும் போகட்டும், நாத்தனாரை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று தங்கை என்னை இழுத்துக்கொண்டு போனாள். துறைமுகத்துக்கு லாரிகள் திரும்பும் முனையில் தரையோடு தரையாக ஒரு இரும்பு மேடை. அதை ஒட்டி ஒரு சின்ன அறை, கடிகாரம் மாதிரி வட்டமாக ஒரு முள், அதற்குப் பின்னால் ஜன்னல். ஜன்னல் முழுக்க அவள். உயரமும் அகலமும் சேர்ந்த உடம்பு. கறுத்த முகத்தில் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்திருந்தாள். ஒரு லாரி மேடைக்கு அருகே வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, முள்ளைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஒரு துடைப்பத்தோடு வெளியே வந்து, போன லாரியின் சக்கரத்திலிருந்து விழுந்த சேற்றைக் கூட்டித் தள்ளினாள். திரும்பப் போய் முள்ளைப் பார்த்தாள். முள் பூஜ்யத்தில் வந்து நின்ற பிறகுதான் லாரியைக் கூப்பிட்டாள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "எக்கா, நீ கொஞ்சம் தள்ளியே நில்லு. உன் எடையும் என் கணக்குல சேந்துடப் போகுது."

"நான் ஏறினா இந்த முள்ளு லேசாத் தலையாட்டும், அவ்வளவுதான். நீ ஏறினா குட்டிக்கரணம் போடுது. யாருடா குண்டு?"

டிரைவர் சிரித்தான், பின்னால் நின்ற லாரிக்காரனும் சிரித்தான். நாங்கள் இருவரும் ஒரு ஓரமாக, யாரோ பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றோம். அவள் ஜன்னலிலிருந்தே கூப்பிட்டாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்கதானே? மாப்பிள்ளையைப் பாக்கப் பட்டறைக்குப் போகணும். மாப்பிள்ளையோட அக்காவைப் பாக்க வந்திருந்தா, உள்ள வாங்க, டீ ஆறிடப் போகுது."

என் தங்கைக்கு முகம் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அவளுக்கு வெட்கம் வந்தால் இருமல் வரும். இருமிக்கொண்டே டீ குடித்தாள். திரும்பி வரும் வழியில், "நல்லவளாத்தான் தெரியுறா, இல்ல?" என்றாள். அப்படித்தான் கல்யாணம் முடிவானது.

என் தங்கை மகள் முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். கத்தரியை எடுத்தால் பேச்சு ஓயாது. அவனோ ஒரு வார்த்தைக்கு மறு வார்த்தை யோசித்துத்தான் பேசுவான். பட்டறையின் மூலையில் யாரோ விட்டுவிட்டுப் போன பாய்மரப் படகு ஒன்று வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அதை வாங்கி, வேலை முடிந்து வந்து இழைப்பதும் ஒட்டுவதுமாக இருந்தான். இவளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். பேசிப் பேசியே அந்தப் படகுக்கு உயிர் வந்துவிட்டது என்று எடைமேடை சொல்வாள். ஒரு நாள் வீட்டுச் சாமான்களை எல்லாம் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் அதிலேயே குடியேறித் தீவுகளுக்குப் புறப்பட்டார்கள்.

என் தங்கை மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள். "வீடு வாசல் இல்லாம எம் பொண்ணைக் கடல்ல கொண்டுபோய் விட்டுட்டானே!"

எடைமேடைதான் சமாதானம் சொன்னாள். "தம்பி ஒரு வீடு கட்டணும்னு ஆசைப்பட்டேன். கட்டிட்டான். அது மிதக்குது. அதுக்குப் போய் அழுவாங்களா?"

அந்த வீடு நன்றாகவே மிதந்தது. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். அவன் தீவுக்குத் தீவு மற்ற படகுகளின் மின்சார வேலைகளைப் பார்த்தான். இவள் மடக்கு நாற்காலி ஒன்றைப் படகின் முன்தளத்தில் விரித்து வைத்து முடி வெட்டினாள். மாதக்கணக்கில் கடலில் சுற்றுகிறவர்களுக்கு முடி மட்டும் வளராமலா இருக்கும்? வெட்டிக்கொண்டவர்கள் காசு தருவார்கள், இல்லையென்றால் மீன், தேங்காய், ஒரு வாளி நல்ல தண்ணீர். வெட்டிய முடியைக் காற்றே கூட்டிக்கொண்டு போய்விடுமாம். "கடைல இருந்தப்போ கூட்டியே இடுப்பு ஒடிஞ்சுது பெரியம்மா" என்று போனில் சொல்வாள்.

பெரிய பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும்போது படகு எங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு வந்தது. அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்குப் படகைக் கிரேனில் தூக்கிப் பட்டறையில் தரைமேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுப்பார்கள். அதுவரை நான்கு பேரும் என் வீட்டில்.

கடல்காரர்களை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் எழுந்து பார்த்தால் என் அலமாரிக் கதவுகள் எல்லாம் நாடாவால் கட்டிக் கிடக்கும். டம்ளர்களுக்கு நடுவில் துணி திணித்திருக்கும். "ஆடினா உருண்டுடும்" என்பாள் சின்னவள். என் வீடு என்றைக்கு ஆடியது? நான் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினால் அந்தக் குழந்தை கண்ணைப் பொத்திக்கொள்ளும். ஒரு டம்ளர் தண்ணீரில் எல்லாத் தட்டையும் அலசி முடித்துவிட்டு, மிச்சத்தைச் செடிக்கு ஊற்றும் பிள்ளை அது. சாப்பிடும்போது பெரியவள் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொள்வாள். என் வீட்டுக்காரர் நாலு நாள் பார்த்துவிட்டு, தானும் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

அதே சமயத்தில்தான் எடைமேடைக்கு வேலையிலிருந்து ஓய்வு. வேலையோடு அவள் குடியிருந்த அறையும் போகிறது. புதிதாக வருகிற பெண்ணுக்கு அதைக் கொடுக்க வேண்டும். இனி எங்கே இருப்பது என்று அவள் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, தம்பி திடீரென்று, "அக்கா, நடுக்கூடத்துப் பலகையை அகலம் பண்ணிட்டேன்" என்றான்.

"எந்தப் பலகை?"

"படகுல. வலது பக்கம். உனக்கு."

அவ்வளவுதான் சொன்னான். மீதியை என் தங்கை மகள் சொன்னாள். "கேக்காமலே பலகையை அறுத்து ஒட்டிட்டாரு அண்ணி. இனிமே நீங்க வரலைன்னா அதுல யாரு படுக்கறது? நானும் பொண்ணுங்களும் சேந்து படுத்தாலும் எடம் மிஞ்சும்."

எடைமேடை வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வாழ்நாள் முழுக்க லாரிகள் துறைமுகத்துக்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தவள், துறைமுகத்தைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. ஆசை இருந்திருக்கிறது பாருங்கள். மறுநாளே நீச்சல் தெரியுமா என்று சின்னவள் சோதித்தாள். எடைமேடை கரையோரத் தண்ணீரில் மல்லாந்து தக்கை மாதிரி மிதந்தாள். குழந்தைகள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக் கூத்தடித்தார்கள்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். படகின் உடம்பைச் சுற்றித் தண்ணீரை ஒட்டினாற்போல் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தப் படகில் அது நீலக் கோடு. கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் பாரம் சரி. கோடு முழுகினால் பாரம் அதிகம், சாமானைக் குறைக்க வேண்டும். ஒருமுறை தீவு ஒன்றில் பழம் மலிவாகக் கிடைத்தது என்று அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, பின்னாலிருந்து வந்த அலை தளத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டதாம். பெரியவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதாளாம். அன்றிலிருந்து தம்பிக்கு அந்தக் கோடுதான் வேதம். "கோடு தெரிஞ்சாத்தான் நங்கூரத்தைத் தூக்குவேன்" என்பான். பேசாதவன் பேசும் பேச்சு அது ஒன்றுதான்.

படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். புதுப் பெயிண்ட், புது நீலக் கோடு, பளபளவென்று இருந்தது. எடைமேடை தன் தகரப் பெட்டியோடு ஏறினாள். குழந்தைகள் கை தட்டினார்கள். கிரேன் ஓட்டுகிறவர் கரையிலிருந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"அக்கா ஏறினதும் பின்னாடி உக்காந்துடுச்சே!"

எல்லாரும் சிரித்தோம். எடைமேடைதான் ஓங்கிச் சிரித்தாள். தம்பி மட்டும் சின்னத் துடுப்புப் படகில் சுற்றி வந்து பார்த்தான். பின்பக்கம் நீலக் கோட்டைக் காணவில்லை. தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருந்தது. முன்பக்கமோ மூக்கைத் தூக்கிக்கொண்டு கோடு மேலே நின்றது.

காற்று திரும்புவதற்கு அதிக நாள் இல்லை. அதற்குள் புறப்பட்டால்தான் தீவுகளுக்குப் போய்ச் சேரலாம். விட்டால் புயல் காலம் முடியும்வரை எங்கள் துறைமுகத்தில் கிடக்க வேண்டியதுதான். அதனால் சாமான்களை இறக்க ஆரம்பித்தார்கள். முதலில் பழைய நங்கூரமும் சங்கிலியும் என் வீட்டு வாசலுக்கு வந்தன. பிறகு டின் டின்னாக உணவு. பிறகு புத்தகங்கள். கோடு அசையவில்லை. சின்னவள் சேர்த்து வைத்திருந்த கற்களும் சங்குகளும் ஒரு மூட்டை வந்தது. அவள் ஒவ்வொன்றையும் முத்தம் கொடுத்து அனுப்பினாள். முடி வெட்டும் மடக்கு நாற்காலியும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார், எழுந்திருக்க மனசில்லை. எடைமேடை தன் தகரப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து என் கூடத்தில் வைத்தாள். நாலு புடவையை மட்டும் ஒரு துணிப்பைக்குள் போட்டுக்கொண்டாள். என் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கோடு மட்டும் வெளியே வரவே இல்லை.

அப்புறம் படகில் ஒரு மாதிரியான அமைதி வந்துவிட்டது. யாரும் எடைமேடையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாரம் என்ற பேச்சு வந்தால் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அவளையே பார்த்துத் தொலைத்திருந்தால் கூடத் தேவலை. அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். தளத்தில் நடக்கும்போது முன்பக்கமாகவே போய் நின்றாள். ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, சாமான்களுக்கு நடுவில் சங்கிலிக் குவியல்மேல் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க பின்கட்டு ரூம் சும்மாத்தானே கெடக்கு?"

"ஏன்?"

"எனக்கு வாடகைக்கு விடுங்க."

"படகு என்ன ஆச்சு?"

"எனக்குக் கடல்னா பயமாருக்குக்கா."

"நீயா? போன வாரம் வயித்தைப் பிடிச்சுக்கிட்ட ரெண்டு புள்ளைங்களோட தண்ணில மிதந்தவளா?"

"அது கரை. நடுக்கடல் வேற."

முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். ரூம் அவளுக்கு எப்போதும் உண்டு, வாடகை கீடகை என்று பேசினால் வெளியே தள்ளிவிடுவேன் என்று சொன்னேன். அவளுக்குப் போக இடமில்லாமல் இல்லை. ஆனால் அந்த அகலம் பண்ணின பலகையில் ஓர் இரவு படுத்துவிட்டு வந்து, காலையில் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "தொட்டில்ல போட்ட மாதிரி இருந்துச்சுக்கா. என்னை யாரு தொட்டில்ல போட்டாங்க?" என்றாள். அதைக் கேட்ட காதால் இதையும் கேட்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை நான் சாப்பாட்டுத் தூக்கோடு படகுக்குப் போயிருந்தேன். எல்லாரும் இருக்கும்போது எடைமேடை விஷயத்தைச் சொன்னாள்.

"பயமா?" என்றாள் பெரியவள். "அத்தை, நேத்துதானே பாய்மரத்து உச்சிக்கு ஏறிப் பாக்கணும்னு சொன்னீங்க?"

"அதை நெனச்சுத்தான் பயந்துட்டேன்."

சின்னவள் அழ ஆரம்பித்தாள். "என் சங்கெல்லாம் போச்சு, இப்ப அத்தையும் போறாங்க!"

என் தங்கை மகள் புருஷனைப் பார்த்தாள். அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான். சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினான். "நீங்க வாயத் தொறந்து ஏதாவது சொல்லுங்களேன்!" என்று அவள் சத்தம் போட்டாள். அவன் என்ன சொல்வான்? அக்காவுக்குப் பயம் என்றால் கட்டியா இழுத்துக்கொண்டு போக முடியும்? கரையில் கொண்டு விட, சின்னப் படகில் அவன் இறங்கினான். எடைமேடை துணிப்பையோடு இறங்கினாள். என்னையும் கைப்பிடித்து இறக்கிவிட்டார்கள். அவன் துடுப்பைக் கையில் எடுத்துவிட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தான். எங்கள் படகு மெதுவாக ஒதுங்கிப் பெரிய படகின் பின்பக்கத்துக்கு வந்தது.

"ஏறுதா பாரு" என்றாள் எடைமேடை.

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன?"

"கோடுடா! ஏறுதா பாரு. அதுக்குத்தானே இறங்கினேன்!"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "பயம்னு சொன்னியே?"

"பயம்தான். என்னால நீங்க நாலு பேரும் இங்க கெடக்கணுமேன்னு பயம். பேச்சை விடு. கோட்டைப் பாரு."

மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். கோடு இருந்த இடத்திலேயே, தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில், அசையாமல் கிடந்தது. ஒரு விரல்கடை கூட மேலே வரவில்லை.

எடைமேடையின் முகம் மாறியதை நான் இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். முதலில் திகைப்பு. பிறகு ஏமாற்றம். பிறகு அசல் கோபம்.

"என்னடா இது? நான் இறங்கியிருக்கேன்! நான்! ஒரு மரியாதைக்காவது கொஞ்சம் ஏற வேண்டாம்? அப்போ இத்தனை நாளும் நான் என்ன பஞ்சு மூட்டையா?"

எனக்கு அடக்க முடியவில்லை. சிரித்ததில் சின்னப் படகு ஆடியது. தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேலேயிருந்து என் தங்கை மகள் எட்டிப் பார்த்து, "என்ன அங்க?" என்றாள். எடைமேடை மறுபடி கோட்டைக் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் போய் வேறொன்று வந்திருந்தது. லாரியைக் கையைக் காட்டி நிறுத்துவாளே, அந்த முகம்.

"தம்பி, படகு காலியா இருக்கறப்போ இந்தக் கோடு எங்க நின்னுச்சு? பாத்தியா?"

"காலியான்னா?"

"பெயிண்ட் அடிச்சு, தண்ணில இறக்கி, ஒரு சாமானும் ஏத்தறதுக்கு முன்னாடி. பூஜ்யத்தைப் பாத்தியா, பாக்கலையா?"

அவன் துடுப்பு நுனியைத் துடைத்தான். பார்க்கவில்லை என்று அர்த்தம். இறக்கின அன்றே எல்லாரும் அவசரமாக ஏறிவிட்டார்கள். அவள் கையை நீட்டிப் படகின் பின்பக்கத்தைத் தடவினாள். தண்ணீருக்குச் சற்று மேலே, வெள்ளைப் பெயிண்டின்மேல், விரலை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் கொண்டுபோனாள்.

"இங்க ஒரு விளிம்பு தட்டுது. தொட்டுப் பாருங்கக்கா."

தொட்டேன். உண்மைதான். புதுப் பெயிண்டுக்கு அடியில் ஒரு பழைய கோட்டின் விளிம்பு, துணியில் தையல் தட்டுகிற மாதிரி தட்டியது.

"பழைய கோடு அது" என்றான் தம்பி. "கோணலா இருந்துச்சு. மேல வெள்ளை அடிச்சுட்டுப் புதுசா நேராப் போட்டேன்."

"கோணல்னு யாரு சொன்னா?"

"பாத்தாலே தெரிஞ்சுது. அவதான் முதல்ல சொன்னா."

"ஆமா, கோணலாத்தான் இருந்துச்சு" என்றாள் மேலேயிருந்தவள். "டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பாத்தோமே. ஒரு முனையை நான்தானே பிடிச்சேன்."

"படகு பட்டறைல எப்படி நின்னுச்சு?"

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். பின்பக்கத்தில் தண்ணீரைத் தள்ளும் இன்ஜின் விசிறியைக் கழற்றுவதற்கு வசதியாக அங்கே ஒரு கட்டையைக் கூடுதலாக வைத்து, படகைப் பின்பக்கம் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். மூக்கு தாழ்ந்து, வால் தூக்கி நின்ற படகு. அதில் கோடு கோணலாகத் தெரியாமல் எப்படித் தெரியும்? இவர்கள் அந்தச் சரியான கோட்டை அழித்துவிட்டு, வீட்டுச் சுவருக்கு மட்டம் பார்ப்பது போலத் தரைக்கு மட்டம் பார்த்துப் புதுக் கோடு போட்டிருக்கிறார்கள். தண்ணீரில் இறங்கிப் படகு நிமிர்ந்ததும் பின்பக்கக் கோடு அடியில் போய்விட்டது, முன்பக்கக் கோடு மேலே ஏறிவிட்டது.

துடுப்புப் போட்டு முன்பக்கம் போனோம். அங்கேயும் தடவிப் பார்த்தாள். பழைய விளிம்பு தண்ணீரை ஒட்டி, கொஞ்சம் மேலே, பின்பக்கம் இருந்தது போலவே இருந்தது. படகில் ஒரு குறையும் இல்லை. இந்தத் தடவை பாரம் அதிகமாக இருந்ததே இல்லை.

"உம் புருஷன் கடலுக்கே மட்டம் பாத்திருக்கான்!" என்று எடைமேடை மேலே பார்த்துக் கத்தினாள். "நீ டியூப் பிடிச்சிருக்கே!"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "அக்கா, நீ இறங்கணும்னு யாராவது சொன்னோமா?"

"யாரும் சொல்லல. கோடு சொல்லுச்சு. நான் நம்பிட்டேன்." அவள் கையிலிருந்த ஈரத்தைப் புடவையில் துடைத்தாள். "எத்தனை லாரிக்குப் பூஜ்யம் பாத்துப் பாத்து ஏத்தினேன். எனக்குன்னு வந்தப்போ பாக்கத் தோணல பாரு. சின்ன வயசுலேர்ந்து கேட்டுக் கேட்டு, எது முழுகினாலும் நான்தான்னு ஆகிப்போச்சு."

தம்பி துடுப்பைத் திருப்பிப் போட்டான். கரைப் பக்கம் போகவில்லை, ஏணிப் பக்கம் போனான். சின்னவள் மேலேயிருந்து அவள் துணிப்பையைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடி ஒளித்து வைத்துவிட்டாள், அத்தைக்கு மறுபடி மனசு மாறிவிடக் கூடாதென்று.

அன்று சாயங்காலம்வரை என் வீட்டிலிருந்து சாமான்கள் திரும்பப் போயின. நங்கூரம், சங்கிலி, டின்கள், புத்தகம், கல், சங்கு. என் வீட்டுக்காரரை நாற்காலியிலிருந்து எழுப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. எடைமேடை தளத்தில் நின்றுகொண்டு, "சங்கிலி முன்னாடி, டின்னு நடுவுல, புஸ்தகம் இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டிக் காட்டி ஏற்றினாள். லாரிகளை நிறுத்திய அதே கை. தகரப் பெட்டியை மட்டும் என்னிடமே விட்டுவிட்டாள். அதற்குள் இருந்தவை எல்லாம் கரையில் தனியாக இருப்பவளுக்கு வேண்டிய சாமான்களாம். இன்றைக்கும் என் வீட்டில் அரிசி அதில்தான் இருக்கிறது.

கோட்டைத் திருத்த வேண்டுமென்றால் படகை மறுபடி கிரேனில் தூக்க வேண்டும். அதற்கு நேரமில்லை. தப்பான கோட்டோடேயே புறப்பட்டுப் போனார்கள். கிரேன்காரர் கரையிலிருந்து, "எக்கா, முழுகுது முழுகுது!" என்று கத்தினார். "நான் ஏறிட்டேன்ல, அதான்!" என்று அவள் பதிலுக்குக் கத்தினாள்.

அதற்குப் பிறகு எந்தத் தீவுக்குப் போனாலும் இதே கூத்துதானாம். கரையில் நிற்பவர்கள் பதறிப்போய், உங்கள் படகு பின்பக்கம் முழுகுகிறதே என்று கூச்சல் போடுவார்கள். எடைமேடை பின்தளத்தில் எழுந்து நின்று தன்னைக் காட்டுவாள். கரை முழுக்கச் சிரிக்கும். அப்படிச் சிரித்தவர்கள்தான் அடுத்த நாள் முடி வெட்டிக்கொள்ள வருவார்கள். "கடை போர்டு மாதிரி ஆகிப்போச்சு பெரியம்மா, இனிமே அந்தக் கோட்டைத் திருத்தவே மாட்டோம்" என்றாள் என் தங்கை மகள்.

நானும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் வரவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவது வீட்டோடு போதும் என்றார். கண்ணாடி போலத் தண்ணீர், கீழே மணல் தெரிந்தது. நங்கூரம் போட்டிருந்த இடத்தைச் சுற்றித் தென்னை மரங்கள் மட்டும்தான். மழை வந்தால் எல்லாரும் ஓடிவந்து தளத்தின்மேல் கட்டிய தார்ப்பாயைச் சரித்துப் பிடித்து, குடத்திலும் வாளியிலும் தண்ணீர் பிடித்தார்கள். பிடித்து முடித்த பிறகு அதே மழையில் குளித்தார்கள். சாப்பாட்டு மேசைதான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். கணக்குப் பாடம் எடைமேடை. எந்தக் கணக்கை ஆரம்பித்தாலும், "முதல்ல பூஜ்யம் எங்க இருக்குன்னு பாரு" என்பாள். பெரியவள் கண்ணை உருட்டுவாள். காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து சுக்கானுக்குப் பக்கத்தில் டீயோடு உட்கார்ந்திருப்பது அவள்தான். பறக்கும் மீன் ஏதாவது தளத்தில் விழுந்து கிடந்தால் உயிர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கடலில் போடுவாள், இல்லாவிட்டால் சட்டியில்.

ஒரு நாள், "பாய்மரத்து உச்சிக்கு ஏறினியா?" என்று கேட்டேன்.

"ஏறினேன்க்கா. கயித்துல உக்கார வச்சு மூணு பேரும் சேந்து இழுத்தாங்க. பாதில இவ என்ன சொன்னா தெரியுமா? 'அண்ணி, கொஞ்சம் மூச்சை உள்ள இழுத்துக்கங்க'ன்னா. இழுத்துக்கிட்டா எடை குறையுமா? கணக்குல வீக்கு."

"மேலேயிருந்து என்ன தெரிஞ்சுது?"

"தண்ணி" என்றாள். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருந்துச்சு" என்றாள்.

பெரியவள் இப்போது கரையில் தங்கிப் படிக்கிறாள், விடுமுறைக்குப் படகுக்குப் போகிறாள். சின்னவள் அம்மாவிடம் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள், பேச்சு ஏற்கனவே வந்துவிட்டது. எடைமேடைக்கு முட்டி வலி உண்டு, கண்ணாடி கனமாகிவிட்டது. அந்தப் படகில்தான் இருக்கிறாள், நடுக்கூடத்தில், வலது பக்கத்துப் பலகையில்.